பன்றிக் கொட்டிலுக்கு வந்த தண்ணீர்

குவைத்தில் இரண்டாவது வீட்டு வேலையையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, இனிப் பிறத்தியார் வீட்டுக் குளியலறையைக் கழுவப் போவதில்லை என்று அக்காவிடம் சொன்னேன். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப என்ன செய்யப் போற?" என்றாள். பன்றி வளர்க்கலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "தண்ணிக்கு என்ன வழி?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். மழைக்குக் குறைவில்லாத இடம். ஆனாலும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் தோட்டத்துத் தொட்டியிலிருந்துதான் வரவேண்டும். காலையில் கொஞ்ச நேரம் பொதுக் குழாயான பீலியில் விழும். அதற்கே குடங்கள் முட்டிக்கொள்ளும். அங்கே போய்ப் பன்றிக்கு ஒரு வாளி என்று நின்றால் நம்மையே அடித்து விரட்டுவார்கள்.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். லயத்துக்கு மேலே, கிளை கழிக்கும் கவ்வாத்து வெட்டாமல் விட்டுக் காடாகிப் போன ஒரு தேயிலை மலை. அதன் நெற்றியில் ஒரு ஊற்று இருந்தது. முன்பு அந்த மலையில் கொழுந்து எடுக்கும்போது பெண்கள் முகம் கழுவுகிற இடம். அங்கே ஒரு சிறு குழி வெட்டி, கல் அடுக்கி, கறுப்புக் குழாய் ஒன்றைச் செடிகளுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கீழே கொண்டுவந்தோம். லயத்துக் கடைசி வீடுகளுக்கும் அப்பால், ஓடைக்கரையில், தகரக் கூரை போட்டுக் கொட்டில் கட்டினோம். கோயிலுக்கு எட்டத்தில் இருக்கவேண்டும், நாற்றம் லயத்துக்கு வரக்கூடாது என்று ஆட்கள் சொன்ன இடம் அதுதான்.

கொட்டில் சுவரில் நிப்பிள் பொருத்தினேன். பித்தளையில் விரல் பருமனுக்கு இருக்கும். பன்றி வாயில் கவ்வி அழுத்தினால் தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும். தொட்டி வைத்தால் பன்றி அதற்குள் இறங்கிச் சாணியாக்கிவிடும். நிப்பிளில் கடைசிச் சொட்டு வரைக்கும் சுத்தம். விடியற்காலையில் நான் தவிட்டு வாளியோடு போகும்போது டிக் டிக் என்று அந்தச் சத்தம் கேட்கும். எல்லாம் நலமாக இருக்கின்றன என்று அதைக் கேட்டே தெரிந்துகொள்வேன். ஆனால் ஒரு விஷயம். தொட்டியாக இருந்தால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று எட்ட நின்றே கண்ணுக்குத் தெரியும். நிப்பிளில் தெரியாது. கைவைத்து அழுத்திப் பார்த்தால்தான் உண்டு.

அந்த ஊற்றுத் தண்ணீரைப் பன்றிகளைத் தவிர யாரும் குடிக்கவில்லை. அதனால் அதில் என்ன மாறினாலும் கவனிக்க எங்கள் இருவரையும் விட்டால் ஆள் கிடையாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். ஊரெல்லாம் தண்ணீராக ஓடுகிறது, எங்கள் குழாயில் மட்டும் தண்ணீர் மெலிந்தது. குப்பை அடைத்திருக்கும் என்று நினைத்து மேலே போய் ஊற்றுக் குழியைத் துப்புரவாக்கினேன். குப்பை பெரிதாக இல்லை. ஊற்றே இளைத்துக் கிடந்தது. இறங்கி வரும் வழியில் ஒரு இடத்தில் இரண்டு குழாய்களைச் சேர்க்கும் ஜொயின்ட் கழன்று தொங்கியது. காட்டுப்பன்றி தட்டியிருக்கும் என்று நினைத்து, திரும்பச் செருகி, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கக் கட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அக்கரப்பத்தனையில் எங்கள் சித்தப்பா இறந்துபோனார். இருவருமே போகவேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு அக்காளிடம் பன்றிகளுக்குத் தீனி போடச் சொல்லிவிட்டுப் போனோம். நல்ல மனுஷி. சொன்னபடி காலையும் மாலையும் தவிடும், டவுன் ஹோட்டலில் இருந்து வந்த மிச்சச் சோறும், கருவாட்டுத் தலைகளும் போட்டிருக்கிறாள். மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நிப்பிளை அழுத்திப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

காரியம் முடிந்து திரும்பிய காலையில் கொட்டிலில் டிக் டிக் சத்தம் இல்லை. பெரிய தாய்ப்பன்றி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. கூப்பிட்டேன், காது திரும்பவில்லை. இன்னொன்று ஒரே பக்கமாக வட்டம் போட்டு நடந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லாததுபோல் கதவுக் கம்பில் மோதியது. வளர்ந்த குட்டி ஒன்று நாய் உட்காருவதுபோல் பின்காலில் குந்தி, தலையை மெல்ல மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோய், அப்படியே சரிந்து கால்களை உதறியது.

நிப்பிளை அழுத்தினேன். காற்றுகூட வரவில்லை.

"தண்ணி இல்லக்கா. ஒரு சொட்டு இல்ல."

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். நானும் ஓடினேன். தாகத்தில் இருக்கும் உயிருக்கு வேறு என்ன செய்வது? எழுந்து நிற்க முடிந்தவை வாளிக்குள் முகத்தை விட்டு மூச்சு விடாமல் உறிஞ்சின. அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில், நன்றாகக் குடித்தவைதான் முதலில் விழுந்தன. வாயில் நுரை தள்ளி, படுத்த இடத்திலேயே ஓடுவதுபோல் நான்கு காலையும் அடித்தன.

கைபேசியில் மிருக வைத்தியரைப் பிடித்தேன். சிங்களப் பெண், இளவயது. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன தீனி என்று கேட்டார். கருவாடு என்றதும் அவர் குரல் மாறியது. உப்பு உடம்பில் ஏறிவிட்டது, தண்ணீர் இல்லாமல் அது மூளைக்குப் போயிருக்கிறது, இப்போது ஒரேயடியாகத் தண்ணீர் கொடுத்தால் மூளை வீங்கிச் சாகும், வாளியை உடனே எடுங்கள் என்றார். "வத்துர டிக்கென் டிக்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்.

அன்று பொழுதெல்லாம் அக்காவும் நானும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு மடக்கு ஊற்றி, பிடுங்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊற்றினோம். தாகத்தில் தவிக்கிற உயிரிடமிருந்து தண்ணீரைப் பறிப்பதுபோல் கொடுமை வேறு இல்லை. பன்றி அழுவதை அன்றுதான் பார்த்தேன். பாதிக்குமேல் பிழைத்தன. தாய்ப்பன்றி பிழைக்கவில்லை.

செத்தவற்றைப் புதைக்கக் கொட்டிலுக்குப் பின்னால் மேட்டில் குழி வெட்டினோம். ஓடைக்குப் பக்கமாக வேண்டாம் என்றுதான் மேட்டில் வெட்டினோம். முழங்கால் ஆழம்கூட வரவில்லை, மண்வெட்டி இறங்கிய இடத்தில் தண்ணீர் கசிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி செங்கலங்கலாக நிறைந்தது.

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "ஊத்துல தண்ணி இல்ல. இங்க மேட்டுல எப்பிடிடி வருது?"

வேறு இடத்தில் வெட்டிப் புதைத்தோம்.

மறுநாள் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினேன். நான் டியூப் கட்டிய ஜொயின்ட் மறுபடியும் விட்டிருந்தது. கடித்த தடம் இல்லை, மிதித்த தடமும் இல்லை. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. சேர்க்கலாம் என்று இழுத்தேன், எட்டவில்லை. அப்போதுதான் குழாயைச் சரியாகப் பார்த்தேன். தேயிலைத் தூர்களைச் சுற்றி வளைத்து வளைத்துத் தளர்வாகப் போட்டிருந்த குழாய், துணி காயப்போடும் கயிறுபோல் விறைப்பாக நின்றது. சில தூர்களில் அது பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. குழாய் குட்டையாகுமா? குட்டையாகாது. அது எனக்கும் தெரியும். அதற்கு மேல் நினைக்க மனம் வரவில்லை.

டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் போய் இரண்டு ஜொயின்ட்டும் ஒரு துண்டுக் குழாயும் கேட்டேன். கொட்டில் கட்டிய நாளிலிருந்து எல்லாம் அவரிடம்தான் வாங்குகிறேன்.

"என்ன தங்கச்சி, திரும்பவும் ஜொயின்ட்டா? நான் தந்தது பழுதா?"

"பழுதில்ல நானா. கழண்டு கழண்டு போகுது. குழாய இழுத்து விட்ட மாதிரி நிக்குது."

அவர் ஜொயின்ட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ரெண்டு முனையும் எதில கட்டியிருக்கு?"

"ஒரு முனை ஊத்துக் கல்லுல. மறு முனை கொட்டில் சுவத்துல."

"கல்லு அசையல்ல. சுவர் அசையல்ல. அப்ப நடுவில என்ன அசையுது?" என்றார். பிறகு, பயமுறுத்தியதுபோல் ஆகிவிட்டதே என்று நினைத்தாரோ என்னவோ, "எதுக்கும் வீட்ல ஆம்பிளயள் யாரையாச்சும் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்று சொன்னார்.

ஆம்பிளை யாரையும் கூட்டவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். புதுத் துண்டைச் சேர்த்து, நிறையத் தளர்வு விட்டுக் கட்டினோம். நிப்பிளில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நாளைக்குப் பன்றிகள் நிம்மதியாகக் குடித்தன. நான்தான் நிம்மதியாக இல்லை. நாளுக்கு நாலு தரம் மேலே போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். தளர்வு குறைந்துகொண்டே வந்தது. ஒரு பகல் முழுக்க மழையில்லாத நாளில் நிப்பிளிலிருந்து செம்மண் கரைசல் வந்தது. பன்றிகள் அதை வாயில் வாங்கித் துப்பிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அன்றே இருவரும் ஊற்று வரைக்கும் ஏறினோம். ஊற்றுக்குக் கொஞ்சம் கீழே வரிசையாக நின்ற தேயிலைச் செடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அக்கா முன்னால் போனாள். இலைச் சருகு மூடிய இடத்தில் கால் வைத்தவள், தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டாள். கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. சருகை ஒதுக்கிப் பார்த்தோம். பூமி வாய் பிளந்திருந்தது. கால் நுழையும் அகலம்தான், ஆனால் அடி தெரியவில்லை. நான் ஒரு கல்லைப் போட்டேன். அது விழுந்த சத்தத்தோடு தண்ணீர்ச் சத்தமும் கேட்டது. அந்தப் பிளவு மலையின் நெற்றியில் வளைந்து, இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. அதன் ஒரு முனை எங்கள் லயத்துக்கு நேர் மேலே இருந்தது.

அக்கா ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்றாள். "யார்கிட்டயாச்சும் சொல்லணும்," என்றாள்.

சொன்னோம். தோட்டத்து அலுவலகமான கந்தோரில் ஐயாவிடம் சொன்னோம். அவர் வந்து பார்ப்பதாகச் சொன்னார். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பெண்கள் சிலர் பயந்தார்கள். லயத்தில் ஒருவர், "பன்னி செத்ததுக்கு இவங்க மலைய குத்தம் சொல்றாங்க" என்றார். பலர் சிரித்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கீழ் லயத்துக்கும் போய்ச் சொன்னேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "அது ஒங்க பக்கத்து மலதானே," என்றார்கள். கிராம சேவகர் மூலமாக அதிகாரி ஒருவர் வந்தார். பிளவைப் பார்த்து, படம் எடுத்து, பெருமழை வந்தால் லயத்தில் இருக்கவேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எது பெருமழை, யார் வந்து சொல்வார்கள் என்று கேட்டதற்கு அவர் கிராம சேவகரைக் கை காட்டினார்.

பிறகு அந்த மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்யவில்லை. ஒரே சீராக, குரல் மாறாமல், இரவும் பகலும் ஊற்றியது. கரண்ட் போயிற்று. போன் சார்ஜ் போயிற்று. டவுனுக்குப் போகும் வழியில் மண் சரிந்து பஸ் நின்றது. காலையில் நான் கொட்டிலுக்குப் போனேன். நிப்பிள் எல்லாம் வறண்டிருந்தன. அவ்வளவு மழையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கொட்டிலின் சிமெந்துத் தரை நடுவில் வெடித்து, அந்த வெடிப்பின் வழியாகக் கீழிருந்து கலங்கல் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. பன்றிகள் எல்லாம் கதவுப் பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றன. தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்த ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"போவோம். பன்னியையும் கொண்டுட்டுப் போவோம்."

"மொதல்ல நாம போவோம்க்கா."

"பன்னிய ஓட்டிட்டு லயத்துக்குள்ளால போவோம். நாலு பேர் பாக்கட்டும்."

ரோட்டோரத்தில், பள்ளிக்கூடத்துக்குக் கீழே, பாவனையில் இல்லாத கொழுந்து மடுவம் ஒன்று இருந்தது. கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகைக்கு ஓட்டிப் போவதென்று முடிவு. பன்றியை ஆடு மாதிரி ஓட்ட முடியாது. இரண்டு தகரத் துண்டுகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, மழையில், லயத்து வாசல் வழியாக நடந்தோம். கதவுகள் திறந்தன. முதலில் திட்டினார்கள். கோயில் பாதையில் பன்றியா என்று ஒரு அம்மா கத்தினாள். அக்கா நிற்கவில்லை. அவள் தலையில் எங்கள் துணி மூட்டை இருந்தது. இடுப்பில் சாமிப் படம். அதைப் பார்த்ததும் திட்டியவர்கள் மௌனமானார்கள்.

பக்கத்து வீட்டு அக்காள் மட்டும் வாசலுக்கு வந்து, "நெசமாவே போறீங்களா?" என்று கேட்டாள்.

"போறோம். கொட்டில் தரை பிளந்திருச்சு. நீங்களும் பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க," என்றேன்.

அவள் உள்ளே போனாள். நாங்கள் லயத்துக் கடைசியைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் பிள்ளைகளுக்குப் பொலித்தீன் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு வீட்டிலும் மூட்டை கட்டினார்கள். மடுவத்தில் பன்றிகளை அடைத்துவிட்டு நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏறியபோது, எங்கள் லயத்து ஆட்கள் பாதைநெடுக வந்துகொண்டிருந்தார்கள். கீழ் லயத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். இவர்கள் போவதைப் பார்த்து வந்தவர்கள்.

பின்னேரம், சத்தம் முதலில் கேட்டது. பெரிய லொறி ஒன்று கல் கொட்டுவதுபோல். பிறகு பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து பார்த்தோம். நாங்கள் முகம் கழுவிய மலையின் நெற்றி மெதுவாக, அவசரமில்லாமல், தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே கீழே இறங்கியது. கொட்டில் இருந்த இடத்துக்கு வந்ததும்தான் அது வேகம் எடுத்தது. லயத்தின் கடைசி வீடுகள் போயின. பிறகு மண் ஓடைக்குள் திரும்பியது. அதை யாரும் நினைக்கவில்லை. ஓடை வழியாகப் போய்க் கீழ் லயத்தின் மாட்டுக் கொட்டகையை அடித்துக்கொண்டு போனது.

அங்கே ஒரு மனிதர் இருந்தார். மனைவியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பசுவை அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவர். அவர் மனைவி எங்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, யார் சொல்லியும் உட்காராமல், மண் நின்ற பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். ஆளை எடுக்க நான்கு நாளாயிற்று. பசு கிடைக்கவேயில்லை.

நாங்கள் பல மாதம் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பிறகு ரோட்டோரமாகத் தகரக் கொட்டகைகள் போட்டுத் தந்தார்கள். பலகை வைத்துத் தடுத்த அறைகள், ஒரு வீட்டில் இருமினால் மறுவீட்டில் கேட்கும். மிஞ்சிய பன்றிகளை மடுவத்திலேயே வைத்திருக்கிறோம். அவற்றுக்கு ரோட்டுக் குழாயிலிருந்து கேனில் தண்ணீர் சுமக்கிறேன். இரண்டாக அறுத்த பீப்பாயில் ஊற்றி, அவை குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, மடுவத்தைக் காலி செய்யவேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

போன மாதம் எங்களுக்கு வீடு கட்டித் தரப் போகும் காணியைக் காட்டக் கூட்டிப்போனார்கள். புது ரோட்டுக்கு மேலே, புல் வெட்டித் துப்புரவாக்கிய ஒரு சரிவு. எல்லோருக்கும் சந்தோஷம். வீடு எந்தப் பக்கம் பார்த்து வரும், கோயில் எங்கே வைக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அக்கா மட்டும் சரிவின் மேல்கோடி வரைக்கும் தனியாக ஏறிப் போனாள். அங்கே குந்தி உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வைக்கும் இடமெல்லாம் தண்ணீர் ஊறியது, மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தும்.

இறங்கி வந்தவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"காணிப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்களா எல்லாரும்?" என்றாள்.

போட்டுவிட்டார்கள் என்றேன். அவள் சேறு படிந்த கையைப் புல்லில் துடைத்தாள். இன்னும் நாங்கள் போடவில்லை. அதனால் கொட்டகையில் மற்றவர்கள் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. மறுபடியும் ஐப்பசி வருகிறது. மழை இருட்டும்போதெல்லாம், யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், எல்லா அறைகளிலும் துணி மூட்டையைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்கிறது.